கொடும்பாளூரில் கூடுவோம்

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நாற்கரச் சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர் வந்துவிடும். இலுப்பூரிலிருந்து வருபவர்கள் கடலைக் கொல்லைகளையும் பனைகளையும் பார்த்தபடி மேற்கே கொஞ்ச தூரம் வந்தால் போதும். புல்வெளி போட்ட ஒரு வளாகத்துக்குள் இரண்டு கல் விமானங்கள் மேற்கு நோக்கி நிற்கின்றன. அவற்றுக்கு வடக்கே மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இதுதான் மூவர் கோயில். கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் நாவலைப் படித்தவர்களுக்கு இது வானதியின் ஊர். கையிலிருந்த விளக்குத் தட்டைத் தவறவிட்டு மயங்கி விழும் அந்தக் கொடும்பாளூர் இளவரசியை நினைத்துக்கொண்டு இங்கே வருகிறவர்கள் ஏராளம். இணையத்தில் ஒரு கதையைப் பற்றிப் பேசிப் பேசியே நண்பர்களானவர்கள் முதன்முறையாக முகம் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் நகரத்து மண்டபம் அல்ல, கதை நடக்கும் ஊர்தான் என்பது என் வாதம். அதற்கு இலுப்பூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ரசிகர் கூட்டம் என்றால் உலகம் முழுக்க மண்டபம்தான் வழக்கம். அறிவியல் புனைகதை வாசகர்களின் முதல் உலக மாநாடு 1939இல் நியூயார்க்கில் நடந்தது. ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சடித்த கதைகளை விற்கும் கோமிகெட் 1975இல் டோக்கியோவில் தொடங்கியது. சென்னைக்கும் 2024 பிப்ரவரியில் காமிக் கான் வந்துவிட்டது. அந்தக் கதைகள் விண்வெளியிலோ கற்பனை நாட்டிலோ நடப்பவை. போய்ப் பார்க்க ஊர் கிடையாது, ஆகவே மண்டபம் தேவைப்படுகிறது. நம்முடைய நிலை வேறு. 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை ஓடிய பொன்னியின் செல்வன் தொடர்கதையில் வரும் ஏரி, கோட்டை, துறைமுகம், கோயில் எல்லாவற்றுக்கும் இன்றும் பேருந்து ஓடுகிறது. ஊர் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வானதியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் என்ன?

இது புதிய யோசனையும் அல்ல. 2002இல் யாகூ குழுமமாகத் தொடங்கிய பொன்னியின் செல்வன் வாசகர் வட்டம் இதைத்தான் செய்தது. திரையில் பெயராக மட்டும் தெரிந்தவர்கள் வண்டி அமர்த்திக்கொண்டு நாவலின் ஊர்களுக்குக் கிளம்பினார்கள். நாவலின் நாயகன் வந்தியத்தேவன் போன வழியைத் தேடிப் போனவர்களில் சிலருக்கு வழியில் கண்ட கல்வெட்டுகளே பெரிதாகிப் போயின. திருச்சியில் கண் மருத்துவராக இருந்துகொண்டே கோயில்களை ஆய்ந்துவந்த இரா. கலைக்கோவனிடம் போய்ப் பாடம் கேட்டார்கள். 2004இல் வரலாறு.காம் என்ற மின்னிதழ் பிறந்தது. அந்த நண்பர்களில் ஒருவரான கோகுல் சேஷாத்ரி பிறகு ராஜகேசரி, சேரர் கோட்டை முதலிய நாவல்களை எழுதினார். யாகூ நிறுவனம் தன் குழுமங்களை 2020 டிசம்பரில் அடியோடு மூடிவிட்டது. எத்தனையோ ஆண்டுகளின் அரட்டை அதோடு போயிற்று. பயணங்களில் பிறந்த கட்டுரைகளும் நாவல்களும் இருக்கின்றன. நேரில் கூடுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான சான்றை நான் தேட மாட்டேன்.

ரசிகர் புனைவு என்ற பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். அந்த வேலை பழையது. கல்கி தன் முடிவுரையில் பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லி வாசகர்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். வாசகர்கள் சமாதானம் அடையவில்லை. விக்கிரமன் நந்திபுரத்து நாயகி எழுதினார். பின்னாளில் அனுஷா வெங்கடேஷ் காவிரி மைந்தன் எழுதினார். பாலகுமாரன் ராஜராஜனை எடுத்துக்கொண்டு உடையாரை ஆறு பாகங்களுக்குக் கொண்டுபோனார். இன்று பிரதிலிபியிலும் வாட்பேடிலும் சோழ இளவரசிகளை நாயகியாக்கி எழுதும் பெண்கள் இந்த வரிசையில் வருபவர்கள்தான். அவர்களில் பலர் ஒருவர் கதைக்கு ஒருவர் முதல் வாசகர். ஒருவர் எழுத்தில் பிழை இருந்தால் இன்னொருவர் தனியாகச் செய்தி அனுப்பித் திருத்துகிறார். அந்த நட்பு பொய்யானது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்த நட்புக்கு இன்னும் கொஞ்சம் மண் வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

அந்த மண்ணில் என்ன கிடைக்கும் என்பதை மூவர் கோயிலிலேயே பார்க்கலாம். நடு விமானத்தின் சுவரில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்களின் வம்சாவளியை வரிசையாகச் சொல்லி, பூதி விக்கிரமகேசரியில் வந்து நிற்கிறது. அவன் வீரபாண்டியனை வென்றான், பல்லவர் படையின் குருதியால் காவிரியைச் சிவக்க வைத்தான் என்கிறது. தன் பெயரால் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயரால் இரண்டு என மூன்று விமானங்களை எடுத்தான் என்கிறது. மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகச் சைவத் துறவிக்குப் பெரிய மடம் ஒன்றைக் கொடுத்து, ஐம்பது துறவிகளுக்குச் சோறு போடப் பதினொரு ஊர்களை எழுதிவைத்தான் என்றும் சொல்கிறது. நாவலில் இதே பூதி விக்கிரமகேசரிதான் பெரிய வேளார்: வானதியின் பெரியப்பா, ஈழத்தில் சோழப் படைத்தலைவர். அவளுடைய தந்தையாக வரும் பராந்தகன் சிறிய வேளார் ஈழப் போரில் இறந்ததையும் கல்வெட்டுகள் அறியும். சாம்பல் படிந்த ஐம்பது துறவிகள் இந்தப் புல்வெளியில் வரிசையாக உட்கார்ந்து உண்டார்கள் என்பது மட்டும் நாவலில் இல்லை. அதை எழுத இன்னொருவர் வர வேண்டும். அவர் இந்த இடத்தில் நின்று பார்த்தவராக இருந்தால் நல்லது.

இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. கதை பிடித்துப் போய் வருகிறவர்கள் கதையையே வரலாறு என்று நம்பிவிடுவார்கள். 2022லும் 2023லும் திரைப்படங்கள் வந்த பிறகு அந்த மயக்கம் இன்னும் கூடிவிட்டது. இவர்களைக் கோயிலுக்கு அழைத்துவந்தால் நாவல் பாத்திரங்களைக் கல்லில் தேடிக் குழப்பத்தை வளர்ப்பார்கள் என்று ஆய்வாளர்கள் வருந்துகிறார்கள். வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த மயக்கம் வீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் வளரும் அளவுக்கு இந்தச் சுவரின் முன் வளராது. இந்த விக்கிரமகேசரி எந்தக் காலத்தவன் என்பதிலேயே அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. நீலகண்ட சாஸ்திரி அவனை நாவல் நடக்கும் சுந்தர சோழர் காலத்தில் வைத்தார். எஸ்.ஆர். பாலசுப்ரமணியம் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்தள்ளி, முதலாம் ஆதித்தர் காலத்தவன் என்று வாதிட்டார். பின்னவர் சொன்னது சரியென்றால் நாவலின் பெரிய வேளார் வானதியின் பிறப்புக்கு வெகு முன்பே மறைந்திருக்க வேண்டும். இணையத்தில் இதைச் சொன்னால் சண்டை வரும். சுவரில் உள்ள வம்சாவளியை விரலால் காட்டி, எந்தப் பெயர் எங்கே நிற்கிறது, வீரபாண்டியன் என்று யாரைச் சொல்கிறார்கள் என்று பத்துப் பேர் நின்று கேட்கும்போது அதே சங்கதி கேள்வியாக மாறுகிறது. கதையை நேசிப்பவருக்குத்தான் அந்தக் கேள்வியில் உயிர் போகிற அக்கறை இருக்கும். அந்த அக்கறையை ஆய்வாளர்கள் பகையாக நினைக்கக் கூடாது.

வானதி விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். ரசிகர் புனைவுகளில் அவள் பெரும்பாலும் மயங்கும் பெண்ணாகவே தொடர்கிறாள், அல்லது அதற்கு நேர்மாறாக வாளேந்துகிறாள். ஆனால் அதே கொடும்பாளூர்க் குலத்தில் பிறந்த பூதி ஆதித்தபிடாரி என்ற பெண் முதலாம் பராந்தகரின் மகன் அரிகுலகேசரியை மணந்து, திருச்சிக்கு அருகே திருச்செந்துறையில் கற்றளி எடுப்பித்தாள். மயக்கமும் இல்லை, வாளும் இல்லை. நிலம் கொடுத்து, கோயில் கட்டிப் பெயரை நிறுத்திய பெண். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எழுதப்படும் வானதி நிச்சயம் வேறு வானதிதான். புத்தகம் படித்தும் தெரிந்துகொள்ளலாம் என்பீர்கள். படிக்கலாம். கொடும்பாளூரில் நின்றால்தான் அந்தப் புத்தகத்தைத் தேடும் ஆசை வருகிறது.

இரண்டாவது மறுப்பை நான் இன்னும் கனமாக எடுத்துக்கொள்கிறேன். இணையத்தில் எழுதும் பெண்கள் பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுவது வீட்டில் தெரியாது. நேரில் வா என்பது அவர்கள் போட்டுக்கொண்ட திரையைக் கிழிப்பதாகும். முன்பின் தெரியாதவர்களைச் சந்திப்பதில் ஆபத்தும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் டொரோண்டோவிலும் இருப்பவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், விடுப்பும் பயணச் செலவும் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்? நேர்ச் சந்திப்பை நட்பின் தகுதித் தேர்வாக ஆக்கினால் இவர்கள் எல்லாரும் தோற்றவர்கள் ஆவார்கள். அப்படி ஆக்கவே கூடாது. வராதவரின் நட்பு வந்தவரின் நட்புக்கு ஒரு மாற்றும் குறைந்ததல்ல. ஆனால் மண்டபக் கூட்டத்தில்தான் பதிவுப் படிவம், கழுத்தில் பெயரட்டை, மேடையில் அறிமுகம், குழுப் படம் எல்லாம் வருகின்றன. கோயில் வளாகத்தில் யாரும் யாருடைய சொந்தப் பெயரையும் கேட்க வேண்டியதில்லை. புனைபெயரிலேயே வந்து புனைபெயரிலேயே திரும்பலாம். பகலில், பொது இடத்தில், தொல்லியல் துறைக் காவலர் இருக்கும் இடத்தில், ஐந்தாறு பேராக, தங்கையையோ மகளையோ கூட்டிக்கொண்டு வரலாம். கேட்பவர்களுக்குக் கோயில் பார்க்கப் போனேன் என்று சொன்னால் அது உண்மையும்கூட.

மண்டபத்தை நான் முற்றாகத் தள்ளிவிடவும் இல்லை. 2012லும் 2013லும் சென்னையில், 2014இல் மதுரையில் கூடிய தமிழ் வலைப்பதிவர்கள் 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில்தான் திருவிழா நடத்தினார்கள். அதையொட்டி வலைப்பதிவர்களுக்கு ஒரு கையேடும் வெளியிட்டார்கள். எழுத்துக்கு அமைப்பு வேண்டும் என்றால் மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டும்தான். பலதரப்பட்ட எழுத்துக்காரர்களை ஒன்றுசேர்க்க அது சரியான வழி. ஒரே கதையால் சேர்ந்தவர்களுக்குப் பேச்சாளர் தேவையில்லை. அவர்களுக்குச் சேர்ந்து பார்க்க ஒரு பொருள் தேவை. முதல் சந்திப்பின் கூச்சம் எல்லாருக்கும் தெரியும்: திரையில் மணிக்கணக்காகப் பேசியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அடுத்தடுத்து நின்று ஒரே சுவரைப் பார்க்கும்போது அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை.

வழிப்போக்கர்கள் சந்திக்கும் இடமாகக் கொடும்பாளூர் பழக்கப்பட்ட ஊர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழி சொல்லும் மாங்காட்டு மறையவன், இந்த ஊருக்கு வந்ததும் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான். இன்றும் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை மூன்று பக்கமிருந்தும் வருகிறவர்களுக்கு இது நடுவிடம். கூட்டம் பெருத்தால் கோயிலுக்குக் கேடு என்ற அச்சத்தையும் ஒதுக்க முடியாது. ஆகவே இருபது பேருக்கு மேல் ஒரே நாளில் வர வேண்டாம், சுவரைத் தொட வேண்டாம். எழுத்துகளைப் படிக்கச் சாய்வெயில் இருந்தால் போதும், மாவும் சுண்ணாம்பும் தடவிப் பார்க்கிற வேலை கூடவே கூடாது.

தை, மாசி மாதங்கள் நல்லவை. பங்குனி பிறந்துவிட்டால் அந்தப் புல்வெளியில் நிழலுக்குத் தவிக்க நேரும். காலையில் மூவர் கோயில், பிறகு அருகிலுள்ள முசுகுந்தேசுவரர் கோயிலும், இடிந்துபோன ஐவர் கோயிலும், அங்கே கிடக்கும் பெரிய நந்தியும். மறுநாள் இலுப்பூரிலிருந்து தெற்கே குடுமியான்மலைக்குப் போய், பாறையில் பொறித்த இசைக் கல்வெட்டைப் பார்க்கலாம். அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல் ஓவியங்களையும் பார்த்துவிட்டுப் புதுக்கோட்டை சேர்ந்துவிடலாம். திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகம் 1910இல் தொடங்கியது; புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலப் பாடங்கள் 1929இலேயே புத்தகமாக வந்துவிட்டன. கொடும்பாளூர்ச் சிற்பங்கள் சில அந்த அருங்காட்சியகத்தில் உண்டு. வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் அங்கே விடுமுறை, ஆகவே நாள் குறிப்பவர்கள் அருங்காட்சியகம் போகும் நாள் அவற்றில் விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது.