யாரிடமும் கேட்காத கேள்விகள்

"நம்மகிட்ட மறைக்க என்ன சார் இருக்கு? பென்ஷனும் பிரஷரும்தானே!" பிரவுசரை கூகுளின் குரோமிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு மாற்றிவிட்டேன் என்று சொன்னபோது என் வயதுக்காரர்கள் பலரும் இப்படித்தான் கேட்டார்கள். குரோமில் என்ன குறை, நன்றாகத்தானே ஓடுகிறது என்றும் கேட்டார்கள். ஓட்டத்தில் குறையே இல்லை. வேகமான, நல்ல மென்பொருள். என் கவலை வேறு.

கடந்த ஒரு மாதத்தில் பிரவுசரில் என்னவெல்லாம் தேடினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தால் என்ன அர்த்தம்? மகன் பேருக்கு எழுதிவைத்த வீட்டைத் திரும்ப வாங்க முடியுமா? தூக்க மாத்திரை இரண்டு போட்டால் ஆபத்தா? டாக்டரிடம் கேட்கத் தயக்கம், பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சம், மனைவியிடம் சொன்னால் அவள் பயந்துவிடுவாள். வீடு தூங்கிய பிறகு செல்போனிடம் கேட்கிறோம். மனிதர் ஒருவரிடமும் கேட்காத கேள்விகள் அவை. பென்ஷனும் பிரஷரும் தவிர ஒன்றுமில்லை என்கிறோமே, முதுமையில் நம் பயமெல்லாம் அந்த இரண்டைச் சுற்றித்தானே இருக்கிறது? ஒருவருடைய பயம் என்னவென்று தெரிந்தவனுக்கு அவரிடம் எதை விற்கலாம் என்பதும் தெரியும்.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி என்ற இளைஞர் குக்கீ என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஓர் இணையதளம் தன்னிடம் வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு சிறு குறிப்பு, அவ்வளவுதான். பிறகு விளம்பர நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆயிரம் தளங்களில் ஒரே நிறுவனத்தின் விளம்பரத் துண்டு இருந்தால், அந்த ஆயிரத்தில் நாம் எங்கெல்லாம் போனோம் என்று அந்த ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். மூட்டுவலியைப் பற்றிப் படித்துவிட்டுச் செய்தி படிக்கப் போனால் அங்கேயும் தைல விளம்பரம் வந்து நிற்பது இப்படித்தான்.

இப்படிப் பிற நிறுவனங்கள் வைக்கும் 'மூன்றாம் தரப்பு' குக்கீகளை ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் முழுவதுமாகத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2019இலேயே, வேவு பார்ப்பவை என்று அறியப்பட்ட குக்கீகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. கூகுளும் 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டுகளுக்குள் அவற்றை குரோமிலிருந்து நீக்கிவிடுவதாக அறிவித்தது. ஒத்திப்போட்டது, மறுபடியும் ஒத்திப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்தில் வருகிறது. நான் மாறியதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

குரோமில் 'இன்காக்னிட்டோ' என்ற மறைவான முறை இருக்கிறதே என்பார்கள். வீட்டில் அதே போனை எடுப்பவர் கண்ணில் படாமல் இருக்க அது உதவும். ஆனால் அதில் போனாலும் தகவல் சேகரிக்கப்படுகிறது என்று 2020இல் அமெரிக்காவில் கூகுள்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2024இல் வந்த சமரசத்தின்படி, கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கவோ, அடையாளம் தெரியாதபடி மாற்றவோ கூகுள் ஒப்புக்கொண்டது.

மாற்றும் வேலை பெரிதில்லை. கணினியில் ஃபயர்ஃபாக்ஸை நிறுவினால் பழைய புக்மார்க்குகளை அதுவே கேட்டு எடுத்துக்கொள்கிறது. போனில் செட்டிங்ஸுக்குப் போய் அதை முதன்மை பிரவுசராக வைக்க வேண்டும். தேடுபொறியையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் மாறியும் கேள்விகள் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். நான் டக்டக்கோ வைத்திருக்கிறேன். தமிழில் தேடும்போது சில நேரம் விடை குறைவாகத்தான் வருகிறது, பொறுத்துக்கொள்கிறேன்.

பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம். நம் தலைமுறை, ஒரு மளிகைக்கடையில் கணக்கு வைத்தால் கடைக்காரரின் மகன் காலம்வரை அங்கேயே வாங்கும். அந்த விசுவாசம் நல்ல குணம். எதிரில் ஒரு மனிதர் இருந்தார், நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு வந்து நின்றார். முகமில்லாத ஒரு மென்பொருளுக்கும் அதே விசுவாசத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த விசுவாசம் அங்கே தேவையில்லை.

புதிதாகப் போன இடத்துக்கும்தான் சொல்கிறேன். ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, தேடலுக்காக கூகுள் கொடுக்கும் பணம். உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம் என்று எழுதிவைத்திருந்த வாக்குறுதியை 2025 பிப்ரவரியில் அது எடுத்துவிட்டது. விற்பனை என்பதற்குச் சில இடங்களில் சட்டம் தரும் பொருள் மிக விரிந்தது என்று விளக்கம் சொன்னது. பயனர்கள் பலமாக எதிர்த்ததும் பயன்பாட்டு விதிகளின் வாசகத்தைத் திருத்தியது. அந்த எதிர்ப்பு எனக்கு நிம்மதி தந்தது. கேள்வி கேட்பவர்கள் இருக்கும் இடத்தில் இருக்கிறேன்.

வயதானவர்களுக்கு எதற்கு இதெல்லாம் என்பவர்களுக்கு நீதிபதி கே.எஸ். புட்டசாமியை நினைவூட்டுவேன். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஓய்வுபெற்றவர். ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையைப் பார்த்துவிட்டு, 98 வயதில் 2024இல் காலமானார்.

2023இல் நமக்குத் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் அது தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களுக்கு அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். என் பேத்தி இப்போதே பள்ளிப் பாடத்துக்கு என் போனிலும் அவள் அம்மாவின் போனிலும்தான் தேடுகிறாள். சட்டம் முழுதாக அமலுக்கு வரும்வரை அவள் காத்திருக்க முடியாது. அதனால் அவள் அம்மாவின் போனிலும் பிரவுசரை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.