சாம்ப்ஸ் எலிசேயில் ஒரு பால்மரக் கண்

பாரிஸ் போய்வந்த சிரம்பான்காரர்கள் எல்லோரிடமும் அந்த வெற்றி வளைவின் முன்னால் நின்று எடுத்த படம் ஒன்று இருக்கும். என்னிடமும் இருக்கிறது. அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் சாலையோரத்து மரத்தை முறைத்துக்கொண்டிருக்கிறேன். பிளேன் மரம். பட்டை சில்லுச் சில்லாக உரிந்து, பச்சையும் சாம்பலும் வெளுப்புமாகத் தேமல் படர்ந்த முதுகு போல நிற்கும். கை தானாகப் போய்த் தடவிப் பார்த்தது. மார்பளவு உயரத்தில் வெட்டுக்கோடு இருக்கிறதா என்று கண் தேடியது. மம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவளுக்கு, வரிசையில் நிற்கும் எந்த மரத்தைக் கண்டாலும் இப்படித்தான். அம்மா பால் வெட்டுக்காரி.

"மரத்தப் பாக்கவா இவ்ளோ காசு கட்டி வந்தீங்க, அக்கா?" என்றாள் சுற்றுலாக் கூட்டத்தில் உடன் வந்த தங்கச்சி ஒருத்தி. ஆமாம், அதற்கும்தான்.

சாம்ப்ஸ் எலிசே சாலையின் கதையே மரத்தில்தான் தொடங்குகிறது. 1670 வாக்கில், பதினான்காம் லூயி மன்னருக்காக லெ நோத்ர் என்ற தோட்டக் கலைஞர் துய்லரி அரண்மனைத் தோட்டத்தை மேற்கே நீட்டி மர வரிசை வைத்தார். வளைவு 1836-இல்தான் கட்டி முடிந்தது. கடைகளும் காப்பிக் கடைகளும் அப்புறம் வந்தவை. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம், கோடு பிசகாத மரங்கள். எங்கள் ஊரிலும் காட்டை அழித்து, கயிறு பிடித்து, முளை அடித்து அப்படித்தான் நட்டார்கள். அங்கே ராஜா பார்ப்பதற்கு. இங்கே கணக்கெழுதும் கிராணி எண்ணுவதற்கு.

கடைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் தொங்கும் பெயர்ப் பலகைகளே அங்கேயும் தொங்குகின்றன.

பாதி தூரம் நடப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் குடையைத் தேடினார்கள். எனக்கு முதலில் தோன்றியது, "இன்னைக்கு வெட்டு இல்ல." அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியும் அந்த நினைப்பு போகவில்லை. விடியுமுன் தகரக் கூரையில் மழை தட்டினால் லயம் முழுக்கப் பேச்சு அடங்கிவிடும். நனைந்த பட்டையில் உளி வைத்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு மரமெல்லாம் வழியும். பால் பிடிக்கும் மங்கில் சேர்வது பாதி தண்ணீர். மரம் காயும்வரை காத்திருக்க வேண்டும். காயாவிட்டால் வெட்டு இல்லை; வெட்டில்லாத நாளின் கூலியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, தோளில் சுமக்கும் காண்டாவையும் வாளியையும் வாசலில் தயாராக வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து நிற்பார். திட்டமாட்டார். பிள்ளைகளான எங்களுக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். அம்மா வீட்டில் இருப்பார், வரக்கோப்பி சூடாகக் கிடைக்கும், அவர் மடியில் படுக்கலாம். பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தால்தான் அவர் முகம் நிஜமாகவே கறுக்கும். நேரம் தப்பிக் காய்கிற மரத்தால் யாருக்கு என்ன லாபம்? அதைவிடக் கொடுமை, வெட்டி முடித்த பிறகு வருகிற மழை. மங்கில் இருப்பதையாவது காப்பாற்ற ஆணும் பெண்ணும் நிரைக்கு நிரை ஓடுவார்கள். பாரிஸ் மழையில் காப்பிக் கடைப் பந்தலுக்குள் சிரித்தபடி ஒதுங்கியவர்களைப் பார்த்தபோது எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

நாங்கள் ஒதுங்கியது நிலத்தடி ரயில் நிலையத்தில். வளைவுக்குக் கீழே எத்துவால் நிலையம். அங்கிருந்து புறப்படும் 6-ஆம் எண் வண்டி வந்து நின்றபோது குனிந்து பார்த்தேன். ரயிலுக்கு டயர்! லாரிச் சக்கரம் போலக் கறுத்த ரப்பர் டயர். அதற்கு உள்பக்கம் வழக்கமான இரும்புச் சக்கரம், டயர் பஞ்சரானால் தாங்குவதற்கு. இரும்புச் சக்கரத்தைவிட ரப்பர் பிடிமானம் அதிகம். வண்டி சட்டென்று வேகமெடுக்கும், சட்டென்று நிற்கும். பாரிஸில் 1956-இல் 11-ஆம் எண் பாதையில் இதைத் தொடங்கினார்கள். சாம்ப்ஸ் எலிசேக்கு அடியில் ஓடும் 1-ஆம் எண் பாதை 1960களில் மாறியது. மேம்பாலத்தில் ஓடும் 6-ஆம் எண்ணுக்கு 1974-இல், சத்தம் குறையட்டும் என்று.

அம்மா வெட்டிய பால் எந்தச் சக்கரத்துக்குப் போனது என்று கேட்டுக்கொண்டேன். ஆலையில் உறைந்து, சீட்டாகி, புகை போட்டுக் கட்டான பிறகு எந்த நிரை, யார் வெட்டியது என்பதெல்லாம் அழிந்துவிடும். ஆனால் பாரிஸுக்கும் ரப்பருக்கும் உறவு பழையது. தென் அமெரிக்காவிலிருந்து லா கொந்தமின் என்ற அறிஞர் 1736-இல் ரப்பர்த் துண்டுகளை அனுப்பியது பாரிஸ் அறிவியல் கழகத்துக்குத்தான்.

பிரான்ஸ் எங்கள் தோட்டங்களுக்கு ஓர் எழுத்தாளரையும் தந்திருக்கிறது. ஆன்ரி ஃபோகொன்னியே. 1905-இல் மலாயா வந்து, சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டம் போட்ட பிரெஞ்சுத் துரை. மலாயும் தமிழும் கற்றவர். இங்கிருந்து போன பிறகு எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930-இல் கோன்கூர் பரிசு, பிரான்சின் முதன்மையான இலக்கியப் பரிசு, கிடைத்தது. ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். காட்டையும் கடலையும் மலாய்க்காரரின் மனத்தையும் மயங்கி மயங்கி எழுதுகிறார். கதை முடிவது மலாய்ப் பணியாள் ஒருவனின் வெறியாட்டத்தில். அழகான புத்தகம்தான். ஆனால் துரை பங்களா வராந்தாவிலிருந்து தெரிகிற தோட்டம் அது. லயத்திலிருந்து தெரிகிற தோட்டம் வேண்டுமென்றால் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' பக்கம் போகவேண்டும்.

ஃபோகொன்னியே மேல் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. 1917-இல் தென்னமரம் என்ற தோட்டத்தில், மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டவர் அவர். அந்தச் செம்பனைதான் பின்னாளில் பால்மரங்களை வெட்டிச் சாய்க்க வைத்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மம்பாவ் வட்டாரத்தில் மிச்ச நிலமும் தாமான் குடியிருப்புகளாகிவிட்டது. ஒரே மனிதர் எங்கள் வாழ்க்கையைப் புத்தகமாக்கியும் பரிசு வாங்கினார், அதை முடித்துவைக்கும் விதையையும் ஊன்றினார். தெரிந்தா செய்தார்? இல்லைதான். கோபம் மட்டும் போகவில்லை.

பாரிஸ் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அந்தச் சாலையில் காப்பி குடித்துக் காசைக் கரைக்க வேண்டாம். வளைவைப் பாருங்கள், மரத்தைத் தொடுங்கள், பிறகு பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நிலையத்துக்குள் இறங்கி 1-ஆம் எண் வண்டியைப் பிடித்து, ஷாத்லேயில் 4-ஆம் எண்ணுக்கு மாறி, கார் து நோரில் வெளியே வாருங்கள். கொஞ்சம் நடந்தால் லா சப்பல். ஈழத்துத் தமிழர் கடைகள், சேலை, முருங்கைக்காய், இடியப்பம், சொதி எல்லாம் உண்டு. மாணிக்க விநாயகர் தேர் வரும் நாளில் தெருவிலே தேங்காய் குவியல் குவியலாக உடையும். சாம்ப்ஸ் எலிசேயில் நடக்கும் ஜூலை 14 ராணுவ அணிவகுப்புக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அங்கே போய்ச் சேர நீங்கள் ஏறும் இரண்டு வண்டிகளும் ரப்பர் சக்கரத்தில்தான் ஓடுகின்றன.