மருந்து பிறந்த ஊரில் மூன்று நாள்

இலண்டன் சென்ற் பாங்கிராஸ் நிலையத்தில் புகையிரதமேறி வடக்கு நோக்கிச் சென்றால், இரண்டு மணி நேரத்துக்குள் நொட்டிங்காம் நகரை அடைந்துவிடலாம். றொபின் ஹூட் என்னும் வில்லாளியின் கதையைப் பள்ளியிற் படித்தவர்களுக்கு இவ்வூரின் பெயர் புதியதன்று. சென்ற ஐப்பசியில் நாம் அங்குச் சென்றது வில்லாளியைத் தேடியன்று. எம் தமையனாரின் மகளைக் காண்பதற்கே சென்றோம்.

தமையனார் சுன்னாகத்திலே தோட்டஞ் செய்பவர். மகளை இந்நகருக்கு அனுப்புவதற்காகச் செம்பாட்டுக் காணியொன்றை ஈடு வைத்தவர். படிப்பு முடிந்ததும் மகள் ஊருக்கு வந்து சொந்தமாக ஒரு பாமசி திறப்பாள் என்பதே அவருடைய எண்ணம். ஆனால், அயலவர் ஒருவர் வந்து, "அது மருந்துக்கடைப் படிப்பில்லையாமே" என்று சொல்லிச் சென்ற நாள்தொட்டு அவருக்கு உறக்கமில்லை. நாம் பயணப்பட்டபொழுது, "தம்பி, ஒருக்காப் போய்ப் பார். பிள்ளை உண்மையாய் என்ன படிக்கிறாள் எண்டு கேட்டுக்கொண்டு வா" என்றார்.

நாம் சென்ற வேளை இலையுதிர்காலம். மரங்களெல்லாம் மஞ்சளும் செம்மையுமாக நின்றன. நகர நடுவிலிருந்து திராம் வண்டியில் ஏறிச் சிறிது தூரஞ் சென்றால் ஓர் ஏரி தோன்றுகிறது. அதற்கு மேலே, குன்றின்மீது, மணிக்கூட்டுக் கோபுரத்தோடு வெண்கல்லாலான ஒரு மாளிகை நிற்கிறது. நொட்டிங்காம் சர்வகலாசாலையின் முதன்மைக் கட்டிடம் அது. 1928ஆம் ஆண்டிலே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் திறந்து வைத்தார். அந்நிலத்தை வழங்கியவர் ஜெஸ்ஸி பூட் என்னும் மருந்து வணிகர். இவர் கதைக்குப் பின்னர் வருவோம்.

எம் பெறாமகள் இந்நகரின் இரு சர்வகலாசாலைகளுள் ஒன்றிலே மருந்து விஞ்ஞானப் பட்டத்துக்கு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அயலவர் சொன்னது உண்மைதான். பிரித்தானியாவில் மருந்தாளராக விரும்புவோர் நான்கு ஆண்டு எம்.பார்ம் வகுப்பிலே தேறி, ஓராண்டு பயிற்சி பெற்று, பரீட்சையிலுஞ் சித்தியெய்திப் பதிவு பெறல் வேண்டும். மருந்து விஞ்ஞானமோ பெரும்பாலும் மூன்று ஆண்டுப் பட்டம். அது மருந்தை விற்கும் உரிமையைத் தராது. மருந்தை ஆக்கும் வழியைக் கற்பிக்கும். இலங்கையிலே யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் உள்ள பி.பார்ம் பட்டத்தையும் இதையும் ஒன்றென நினைத்து ஏமாறும் குடும்பங்கள் பல இருக்கலாம். விண்ணப்பப் பத்திரத்தை நிரப்புமுன் இதைக் கேட்டறிதல் நன்று. எம் தமையனார் கேட்கவில்லை. மகளும் விளக்கிச் சொல்லவில்லை.

மறுநாள், உற்றார் வந்து ஆய்வுகூடங்களைப் பார்வையிடுவதற்கென ஒதுக்கிய தினம். எமக்கும் ஒரு வெள்ளை மேலங்கியும் கண்ணாடியும் தந்தார்கள். மாத்திரை செய்தல் என்றால் தூளை அச்சிலிட்டு அழுத்துவதுதானே என எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் கால் மணி நேரங்கூட நிலைக்கவில்லை. மருந்துத் தூள் பலவும் தனியே அச்சுக்குள் சீராக ஒழுகமாட்டா. ஒட்டிக்கொள்ளும், அல்லது அழுத்திய பின்னும் உதிரும். ஆகவே அதனை மாப்பொருள், பாற்சீனி முதலியவற்றோடு கலந்து, பசைநீர் தெளித்துப் பிசைந்து, அரிதட்டிலே தேய்த்து மணிமணியாக்கி உலர்த்துகின்றனர்.

"சித்தப்பா, அம்மா பிட்டுக்கு மாக் குழைக்கிறது போலத்தான். தண்ணி கூடினால் களி, குறைஞ்சால் வெறும் மா" என்றாள் பெறாமகள். கையிலெடுத்துப் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உடைய வேண்டும், அதுவே பதம். வகுப்பிலே முதல் நாளிலேயே அப்பதத்தைக் கண்டவள் தான் ஒருத்திதானாம். எங்கே பழகினாய் என்று ஆசிரியர் வினவியபோது, பிட்டை எப்படி ஆங்கிலத்தில் விளக்குவதென்று தெரியாமல் விழித்தாளாம்.

ஆனால், பிட்டிலே இல்லாத ஒரு பொருள் மாத்திரையில் உண்டு. மக்னீசியம் ஸ்ரியரேற்று என்னும் மெழுகுத் தன்மையுள்ள தூள், மாத்திரை அச்சிலே ஒட்டாதிருப்பதற்காகக் கடைசியில் நூற்றுக்கு ஒரு பங்களவு சேர்க்கப்படுவது. சில நிமிடங்களே கலக்க வேண்டும். ஒரு நாள் தோழியோடு கதைத்துக்கொண்டு நின்றதனால் இவள் இயந்திரத்தை நெடுநேரம் ஓடவிட்டுவிட்டாள். மாத்திரைகள் பார்வைக்குப் பளபளவென்று அழகாகவே இருந்தன. உடல் வெப்பமான 37 பாகையிலே, துடுப்புச் சுழலும் நீரில் இட்டபோதுதான் குற்றம் வெளிப்பட்டது. ஒரு மணி நேரம் சென்றும் கூழாங்கல்லைப் போலக் கிடந்தன. மெழுகு ஒவ்வொரு மணியையும் போர்த்து, நீரை அண்டவிடாது தடுத்துவிட்டது. நோயாளி அதனை விழுங்கியிருந்தால், சரியான மருந்தைச் சரியான அளவில் உண்டும் நோய் தீராதிருந்திருக்கும். அத்தொகுதி முழுவதையும் கழித்துவிட்டு, ஒரே ஒரு மாத்திரையை மட்டும் சிறு குழாயிலிட்டுத் தன் அறை மேசையில் வைத்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் நகரைச் சுற்றினோம். கூஸ் கேற் என்றொரு தெரு. கேற் என்றதும் வாசலைத் தேடினோம். பழைய வட நாட்டார் மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு இவ்வூரிலே தெரு என்பதே பொருளாம். இங்கேதான் 1849ஆம் ஆண்டிலே ஜோன் பூட் என்பவர் மூலிகைக் கடையொன்றைத் திறந்தார். அவர் மகனே முன்னர் சொன்ன ஜெஸ்ஸி பூட். நம் ஊர் நாட்டு மருந்துக்கடை போன்ற அச்சிறு கடையிலிருந்து நாடெங்கும் கிளைகள் தோன்றின, தொழிற்சாலை தோன்றியது, ஆராய்ச்சிப் பகுதி தோன்றியது, குன்றின்மேல் அந்த வெள்ளை மாளிகையும் தோன்றிற்று.

அத்தெருவிலிருந்து சிறிது நடந்தால் பென்னிஃபுட் தெரு. அங்குள்ள கட்டிடச் சுவரிலே நீலப் பலகையொன்று பதிக்கப்பட்டுள்ளது. ஸ்ருவேட் அடம்ஸ், ஜோன் நிக்கல்சன் என்னும் இருவரின் ஆராய்ச்சியால் இபுபுரொபென் கண்டுபிடிக்கப்பட்டதை அது அறிவிக்கிறது. நம் நாட்டிலே புரூபன் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மருந்துதான்.

அடம்ஸ் 16 வயதிலே பூட்ஸ் மருந்துக்கடையொன்றிலே பயிலுநராகச் சேர்ந்தவர். பின்னர் இந்நகரிலே மருந்தாக்கப் பட்டமும் லீட்சிலே கலாநிதிப் பட்டமும் பெற்றார். வாதநோயாளருக்கு அஸ்பிரினிலும் சிறந்த மருந்தொன்றை 1953ஆம் ஆண்டளவில் தேடத் தொடங்கினார். நிக்கல்சன் புதுப்புதுச் சேர்வைகளை ஆக்கிக் கொடுப்பார். கினிப்பன்றியின் மயிர் மழித்த தோலில் ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சி, எழும் சிவப்பை எச்சேர்வை தணிக்கிறதென்று அடம்ஸ் பார்ப்பார். இவ்வாறு 600க்கும் மேற்பட்ட சேர்வைகள் சோதிக்கப்பட்டன. நோயாளரிடம் வரை சென்று தோற்றவையும் உண்டு.

அவற்றுள் ஒன்றின் கதையைச் சொன்னபோது பெறாமகளின் குரல் தாழ்ந்தது. இபுபெனக் என்பது அதன் பெயர். 1966இல் பிரித்தானியாவிலே விற்பனைக்கும் வந்தது. ஆனால், உண்டவர் சிலருக்கு மஞ்சட்காமாலை கண்டது, ஈரல் பழுதுற்றது. 1968இல் அதனைச் சந்தையிலிருந்து நீக்கினர். இபுபெனக்குக்கும் இபுபுரொபெனுக்கும் உள்ள வேற்றுமை என்னவென்று அவள் எமது புகையிரதச் சீட்டின் பின்புறத்தில் வரைந்து காட்டினாள். ஓர் ஐதரசன் அணு இருந்த இடத்தில் ஒரு காபனும் மூன்று ஐதரசனும், வேறொன்றுமில்லை. அவ்வளவு சிறிய மாற்றத்தோடு வந்த மருந்து 1969இல் பிரித்தானியாவில் வெளியாயிற்று. 1983இல் வைத்தியரின் சீட்டின்றியே வாங்கலாமென அனுமதியும் பெற்றது. தேடல் தொடங்கியதிலிருந்து முதல் விற்பனைக்குப் பதினாறு ஆண்டுகள்!

இதிலே வேடிக்கையும் ஒன்று. இவ்வகை மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை ஜோன் வேன் என்பார் விளக்கியது 1971ஆம் ஆண்டிலேதான். அதற்கு அவர் 1982இல் நோபெல் பரிசும் பெற்றார். மருந்து முந்தியது, விளக்கம் பிந்தியது. அதே 1971இல் மொஸ்கோ மாநாட்டுக்குச் சென்ற அடம்ஸ், முதல் நாள் இரவு குடித்த வொட்காவினால் வந்த தலைவலிக்குத் தம் மருந்தையே 600 மில்லிகிராம் உட்கொண்டு மேடையேறினாராம். இவர் 2019இல், 95ஆம் வயதிலே காலமானார்.

கதை அத்தோடு முடியவில்லை. முதன்முதல் இம்மருந்தை ஆக்கிய முறையில் ஆறு படிகள்; இட்ட பொருள்களின் அணுக்களில் நூற்றுக்கு 40 அளவே மருந்தாகும், மிகுதி கழிவு. பின்னர் வந்த மூன்று படி முறையிலே 77 பங்கு மருந்தாகிறது. இதுவும் மாணவருக்கு ஒரு பாடம். மருந்து கண்டாலும் அதனை ஆறு குளங்களைக் கெடாமல் ஆக்குவதும் ஒரு படிப்பே.

அன்றிரவு தமையனாரோடு தொலைபேசியிற் பேசினோம்.

"அப்ப, பிள்ளை வந்து பாமசி போடேலாதோ?"

"இந்தப் படிப்போடை போடேலாது, அண்ணை."

சிறிது நேரம் பேச்சில்லை. ஆலைகளின் தரப்பரிசோதனைக் கூடங்களிலும், புதிய மருந்துகளை முதலிற் சுகதேகிகளிடமும் பின்னர் நோயாளரிடமும் படிப்படியாகச் சோதிக்கும் நிலையங்களிலும் இத்தகைய பட்டதாரிகளுக்கு வேலை உண்டென்று சொன்னோம். வேலை நிச்சயமென்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. இபுபுரொபெனின் கதையையும் சொன்னோம்.

"நான் முழங்காலுக்குப் போடுற புரூபனோ?"

"அதுதான்."

"பதினாறு வருசமோ? காணி அவ்வளவு காலம் ஈட்டிலை கிடக்கேலாது, தம்பி."

அதற்கு நாம் மறுமொழி தேடிக்கொண்டிருக்கையில், பெறாமகள் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். தகப்பனும் மகளும் பேசட்டுமென்று தேநீர் போடச் சென்றோம். திரும்பி வந்தபோது, மேசையிலிருந்த அந்தக் கரையாத மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, பிட்டு மாவின் பதத்திலிருந்து தொடங்கி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.