ஈத்0 எங்கே போச்சு?

லினக்ஸில் கொஞ்ச நாள் புழங்கியவர்களுக்கு ஈத்0 பழைய சிநேகிதம். கணினியில் உள்ள முதல் ஈதர்நெட் கார்டுக்கு கெர்னல் வைக்கும் பெயர் அது. அடுத்த கார்டு ஈத்1. ஐஎஃப்கான்ஃபிக் என்று தட்டினால் அதன் ஐபி முகவரி, வந்துபோன பாக்கெட்டுகள் என எல்லாம் திரையில் கொட்டும். 1983-ல் வந்த 4.2பிஎஸ்டி யுனிக்ஸ் காலத்துக் கட்டளை! இப்போது பல கணினிகளில் அந்தக் கட்டளையும் இல்லை, ஈத்0-வும் இல்லை. ஐபி லிங்க் என்று தட்டினால் இஎன்பி3எஸ்0 என்று ஏதோ ஒன்று முழிக்கிறது.

இது ஏன் வந்தது?

ஈத்0-வில் உள்ள 0 கார்டில் எழுதி ஒட்டியதல்ல. கெர்னல் எதை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு 0. பந்திக்கு முந்தியவனுக்கு முதல் இலை, அவ்வளவுதான். ஒரே கார்டு என்றால் கவலையில்லை. இரண்டு இருந்து, ஒன்று இணையத்துக்கும் மற்றது கல்லூரி ஆய்வகத்துக்கும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்வாலில் "ஈத்0 வழியாக வருவதைத் தடு, ஈத்1 வழியாக வருவதை விடு" என்று எழுதியாயிற்று. ஒரு நாள் கெர்னலைப் புதுப்பித்து ரீபூட் செய்கிறார்கள். டிரைவர்கள் ஏறும் வரிசை மாறி, பெயர்களும் இடம் மாறிவிடுகின்றன. விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் இப்போது வெளியாருக்குக் கதவு திறந்திருக்கிறது, ஆய்வகத்துப் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள்! முகவரிகளையும் கையால் எழுதியிருந்தால் நெட்வொர்க் மொத்தமாகப் படுத்துவிடும். அது நல்ல காலம், உடனே தெரிந்துவிடும். இரண்டுக்கும் டிஎச்சிபி என்றால்தான் ஆபத்து. எல்லாம் ஓடுவது போலவே இருக்கும்.

இதற்கு யூடெவ் முதலில் கண்ட வழி, கார்டின் மேக் முகவரியையும் பெயரையும் ஒரு கோப்பில் எழுதி வைப்பது. கார்டு எரிந்து போய்ப் புதியது போட்டால் அது ஈத்1 ஆகிவிடும். ஈத்0 செத்துப்போன கார்டுக்காகவே காத்திருக்கும்!

2013-ல் சிஸ்டம்டி 197 வந்தபோது, கார்டு இருக்கும் இடத்தை வைத்தே பெயர் என்றாயிற்று. இஎன் என்றால் ஈதர்நெட், பி3 என்றால் பிசிஐ பஸ் 3, எஸ்0 என்றால் ஸ்லாட் 0. கார்டை மாற்றினாலும் அதே ஸ்லாட் என்றால் அதே பெயர். (புதிதாக வேறொரு கார்டைச் செருகும்போது பஸ் எண்ணே நகர்ந்துவிடுவதும் உண்டு. அப்போது மறுபடி தலைவலிதான்.) ஃப்ரீபிஎஸ்டியில் பெயர் டிரைவரைப் பொறுத்தது: இன்டெல் கார்டு இஎம்0, ரியல்டெக் கார்டு ஆர்இ0. படிக்கச் சுலபம். ஆனால் ஒரே வகையில் இரண்டு கார்டு என்றால் அங்கேயும் எண் வரிசைதான்.

இரண்டு கார்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி, சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில் மேக் முகவரியைக் கொடுத்து, வேன்0, லேன்0 என்று தாங்களே பெயர் வைப்பது. 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்திலிருந்து இதைச் செய்கிறவர்கள் ரீபூட்டுக்கு முன்னால் சர்வர் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளவும்.