வாழைத்தாருக்குக் குளிர்ச்சி, வெட்டியவருக்கு?

கொலம்பியாவின் சாந்தா மார்த்தா துறைமுகத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி குளிரூட்டிய கப்பல்களில் வாழைத்தார் ஏற்றியது. சுமார் 13 டிகிரியில் வைத்தால்தான் காய் வழியில் பழுக்காது. அதைவிடக் குளிர்ந்தால் தோல் கருத்துவிடும். வெயில் இறங்காமலிருக்கக் கப்பல்களுக்கு வெள்ளையடித்தார்கள். காய்க்கு அவ்வளவு கவனிப்பு!

தார் வெட்டியவர்கள் 1928 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வார விடுமுறை, விபத்துக்கு இழப்பீடு, கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் சீட்டுக்குப் பதில் பணமாகக் கூலி கேட்டார்கள். இவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், எங்கள் ஆட்கள் அல்ல என்றது கம்பெனி. டிசம்பர் 6 அதிகாலை, பக்கத்து ஊரான சியேனகாவில் கூடியிருந்தவர்களை ராணுவம் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இன்றும் தீரவில்லை.

தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளில் வேலை செய்யும் எனக்கு அந்தப் பதில் பழகியது. கையுறை கேட்டாலும் பி.எஃப். கேட்டாலும் "காண்ட்ராக்டரைக் கேளுங்க" என்கிறார்கள். குப்பை அள்ள ஆள் எடுக்கும்போது சேரிக்கு வழி தெரிகிறது. பொறுப்பு என்று வந்தால் முதலாளி யாரென்றே தெரிவதில்லை.

தோழர்களே, ஒப்பந்தமுறையை வெறும் நிர்வாக ஏற்பாடு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த உழைப்புக்கு முதலாளி யார் என்று முதலில் கேளுங்கள்.