பனியும் உரிமையும்

மகஜர் எழுதுவது எம் நாட்டவருக்குப் பழகிப்போன காரியம். குளக்கட்டைத் திருத்தவும், கிராமத்துக்குப் பாதை போடவும், பறிபோன காணியை மீட்கவும், காணாமற்போன பிள்ளையைத் தேடவும் நாம் மகஜர் எழுதியிருக்கிறோம். பிறர் எழுதியவற்றிற் கையொப்பமிட்டிருக்கிறோம். அவற்றுட் சிலவற்றுக்கு ஒரு வரியில் மறுமொழி வந்தது. பலவற்றுக்கு அதுவும் வரவில்லை. ஆதலால், நிராகரிக்கப்பட்ட மகஜரால் ஏதேனும் பயன் உண்டா என்ற கேள்வி எமக்கு வெறும் தத்துவ விசாரமன்று. அக்கேள்வியை மனத்திற் கொண்டே வடதுருவத்துப் பெண்மணி ஒருவரின் பொதுவாழ்வை நோக்குகின்றோம்.

ஷீலா வாட்-குளூட்டியே 1953ஆம் ஆண்டு கனடாவிலே, கியூபெக் மாகாணத்தின் வடபகுதியிலுள்ள கூஜுவாக் என்னும் சிற்றூரிற் பிறந்தவர், இனுயிற் இனத்தவர். கிறீன்லாந்து, கனடா, அலாஸ்கா, ரஷ்யாவின் வடகிழக்கு மூலை ஆகிய இடங்களிற் பரந்து வாழும் இம்மக்களையே எம் பாடப்புத்தகங்கள் ‘எஸ்கிமோவர்’ என்று அறிமுகஞ் செய்தன. தாயும் பாட்டியும் அவரை வளர்த்தனர். முதற் பத்தாண்டுகள் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியே அவருக்கு வாகனம். பத்தாவது வயதிலே, கல்வியின் பெயரால், வேற்றுமொழி பேசும் குடும்பமொன்றில் வாழத் தொலைதூரத்துக்கு அனுப்பப்பட்டார். ஊர் திரும்பியபின் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். நோயாளி தன் மொழியிற் கூறும் நோவை மருத்துவருக்கு உணர்த்துவதே அப்பணி. பின்னாளில் உலக அரங்குகளில் அவர் செய்தவை அனைத்தும் அப்பணியின் விரிவே எனலாம்.

முதற் போராட்டம் தாய்ப்பாலைப் பற்றியது. 1980களின் பிற்பகுதியிலே கியூபெக்கின் தென்பகுதித் தாய்மாரின் பாலை ஒப்பிட்டு நோக்குவதற்கு, மாசற்றதெனக் கருதி, வடபகுதி இனுயிற் தாய்மாரின் பாலை ஆய்வாளர் எடுத்தனர். ஆலைகளிற் பயன்படும் பி.சி.பி. என்னும் நச்சு, அப்பாலிலே சுமார் ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. ஆலையே இல்லாத நாட்டில் ஆலையின் நஞ்சு! வெப்ப நாடுகளில் ஆவியாகும் இத்தகைய இரசாயனங்கள் காற்றோடு சென்று குளிர்ப் பிரதேசத்தில் இறங்குகின்றன. சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், சீல், திமிங்கிலம் ஆகியவற்றின் கொழுப்புக்கும், அவற்றை உண்ணும் மனிதருக்கும் செறிந்துகொண்டே செல்கின்றன. லாபம் ஓரிடத்தில், நஞ்சு வேறிடத்தில்!

இதனைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தைகளில் வாட்-குளூட்டியே தம் மக்களின் குரலாக நின்றார். அங்கே ஓர் இக்கட்டு எழுந்தது. தடைசெய்ய வேண்டிய நஞ்சுகளுள் டி.டி.ரி.யும் ஒன்று. 1940களில் மலேரியாவை அடக்க எம் நாடும் வீடுவீடாகத் தெளித்த மருந்து அது. மலேரியாவால் பிள்ளைகளை இழந்துகொண்டிருந்த நாடுகளுக்கு அப்போதும் அது தேவைப்பட்டது. பிறர் பிள்ளையைப் பலியிட்டுத் தம் பிள்ளையைக் காக்க இனுயிற் பிரதிநிதிகள் விரும்பவில்லை. 2001ஆம் ஆண்டு மே மாதம் ஸ்ரொக்கோமிற் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, நோய் பரப்பும் பூச்சிகளை அடக்குவதற்கு மாத்திரம் டி.டி.ரி.க்கு விலக்களித்தது, வடதுருவத்து ஆதிக்குடிகளின் இடரைத் தன் முகவுரையிலேயே ஏற்றுக்கொண்டது. துன்புற்றோர் இருசாராரும் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்ளாது வெற்றி பெறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அடுத்த போராட்டம் இதனினும் பெரிது. கடற்பனி காலந்தாழ்ந்து உறைந்தது, முன்கூட்டியே உருகியது. தலைமுறை தலைமுறையாகத் தந்தையர் நம்பி நடந்த பாதையில் அனுபவமுள்ள வேட்டைக்காரரே உள்ளே வீழ்ந்து மாண்டனர். அலைகளைத் தடுத்த பனி அகன்றதும் கரையோர வீடுகள் சரிந்தன. உலகப் பத்திரிகைகளோ பனிக்கரடியின் படத்தையே வெளியிட்டன. கரடிக்காக இரங்கியவர்களுக்கு அப்பனியின்மேல் மனிதர் வாழ்வது தெரியவில்லை.

2005 டிசெம்பர் 7ஆம் நாள், வாட்-குளூட்டியே தம் மக்களில் மேலும் 62 பேரைப் பெயர் குறித்து, அவர்கள் சார்பிலும் அலாஸ்கா, கனடா இனுயிற் மக்கள் அனைவர் சார்பிலும், அமெரிக்க நாடுகளிடை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மகஜர் சமர்ப்பித்தார். எதிர்த்தரப்பு அமெரிக்க ஐக்கிய நாடு. அதுவரை உலகிலே மிக அதிகமாகக் காபனீரொட்சைட்டை வெளியிட்ட நாடு அது. 2001இல் கியோட்டோ உடன்படிக்கையைப் புறக்கணித்த நாடும் அதுவே. உயிர், உடல்நலம், உடைமை, பண்பாடு, பிழைப்பு ஆகியவற்றுக்கான எம் உரிமைகளை உங்கள் புகை பறிக்கிறது என்பதே வாதத்தின் சாரம்.

மறுமொழி 2006 நவம்பரில் வந்தது. தரப்பட்ட தகவல்கள் போதா. மனுவைப் பரிசீலிக்க இயலாது. எமக்குப் பழக்கமான மறுமொழிதான். ஆயினும் அவர் ஓயவில்லை. 2007 மார்ச் மாதத்தில் அதே ஆணைக்குழு ஒரு பொது விசாரணை நடத்த இணங்கியது. அங்கே சென்று சாட்சியமளித்தார்.

அம்மகஜர் தோற்றது என்று கூறுவோர் அதன் பின் நிகழ்ந்தவற்றையும் நோக்குதல் வேண்டும். 2007 நவம்பரில் மாலைதீவின் தலைநகரிற் கூடிய சிறு தீவு நாடுகள் காலநிலை மாற்றத்தை மனித உரிமைப் பிரச்சினையாகப் பிரகடனஞ் செய்தன. 2019இல் நெதர்லாந்தின் உயர் நீதிமன்றம், காபன் வெளியீட்டைக் குறைப்பது மக்களின் உரிமைக்கு அரசு செய்யவேண்டிய கடமை எனத் தீர்த்தது. 2022 யூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தூய சூழலை மனித உரிமையென 161 வாக்குகளால் ஏற்றது. 2024இல் சுவிற்சர்லாந்தின் முதிய பெண்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் தம் அரசுக்கெதிராக வென்றனர். இவை யாவும் ஒரு மகஜரின் விளைவு என்று நாம் உரிமை பாராட்டவில்லை. வாட்-குளூட்டியே வாதாடியபோது பலருக்கு விநோதமாகத் தோன்றிய வாதம், இருபதாண்டுக்குள் நீதிபதிகளின் வாதமாயிற்று என்பதே எம் கூற்று.

2015இல் வெளிவந்த தம் நூலுக்கு அவர் ‘குளிர்ந்திருக்கும் உரிமை’ எனப் பொருள்படும் பெயரிட்டார். வெயிலில் வேகும் எமக்கு அது வேடிக்கையாக ஒலிக்கலாம். அவர் மக்களுக்கோ பனியே வீதி, பனியே வயல், பனியே பள்ளிக்கூடம். வேட்டைக்குச் செல்லும் இளைஞன் பொறுமையையும் துணிவையும், நெருக்கடியில் நிதானிக்கும் அறிவையும் அங்கேதான் கற்கிறான். அப்பள்ளி கரைந்தால், ஊர் தோறும் இளைஞரின் தற்கொலையால் வாடும் அச்சமுதாயத்துக்கு எஞ்சுவது யாது?

உரிமை என்ற சொல் பனியை உறையச் செய்யாது என்பதை நாம் அறிவோம். 1979ஆம் ஆண்டுக்குப் பின் வடதுருவப் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்திருக்கிறது. எண்ணெய்யிலும் நிலக்கரியிலும் கொழுக்கும் பொருளாதாரத்தைத் தீர்ப்புகள் மாத்திரம் மாற்றிவிடா. அதற்கு மக்களின் திரண்ட பலமும் வேண்டும்.

எனினும், திரள்வதற்கு முன் தமக்கு நேர்ந்தது இன்னதென மக்கள் அறிதல் வேண்டும். வெள்ளமும் வரட்சியும் வரும்போதெல்லாம் ‘இயற்கை அனர்த்தம்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது ஆள்வோருக்கு எளிது. இயற்கையின்மேல் வழக்குத் தொடர முடியாதல்லவா? இனுயிற் மக்களின் மகஜர் அக்கோப்பைத் திறந்து வைத்தது. நேர்ந்தது தீங்கு, அதைச் செய்தோர் உண்டு, அவர்களுக்கு முகவரியும் உண்டு என்று எழுத்திற் பதித்தது. நிராகரித்தவர்களின் மறுமொழியால் அப்பதிவை அழிக்க முடியவில்லை. நோயாளியின் நோவை உலகத்தார் மொழியிற் கூறிய அந்த மொழிபெயர்ப்பாளரிடம் எம் போன்றோர் கற்க வேண்டியது இதுவே.