வீட்டு ரவுட்டரும் மஃரிபுக்குப் பின் ஓதலும்





மஃரிபுக்குப் பின் இணையவழியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து நாம் அடிக்கடி கேட்கும் சொல், "ஹஜ்ரத், நெட் கட்டாயிருச்சு" என்பதே. பிள்ளை ஓர் எழுத்தைத் தொண்டையின் எவ்விடத்திலிருந்து ஒலிக்கிறது என்று செவிமடுக்கும் கணத்தில் குரல் அறுந்துவிட்டால், பிழை திருத்தப்படாமலே நாவில் தங்கிவிடும். வளைகுடாவில் உழைக்கும் தந்தையரின் நிலையும் இதுவே. கிடைத்த சிறு ஓய்வில் பிள்ளையின் முகம் காண அழைப்பார். படம் அசைவற்று நின்றுவிடும்.

இவ்வாறு நேரும்போது பலரும் விலை கூடிய புதிய ரவுட்டரை வாங்கிவிடுகின்றனர். நம்மிடம் ஓதும் பிள்ளை ஒன்றின் வீட்டில் ஒரே ஆண்டில் இருமுறை ரவுட்டரை மாற்றினர், துண்டிப்பு நிற்கவில்லை. இறுதியில் பார்த்தால், ஃபைபர் கம்பி வந்து சேரும் ஓ.என்.டி. பெட்டியின் மின் அடாப்டர் பழுதாகியிருந்தது. சில நூறு ரூபாயில் தீர வேண்டிய காரியம், பல ஆயிரத்தை விழுங்கிவிட்டது.

எனவே பணத்தை எடுப்பதற்கு முன், இணைப்பு எங்கே அறுகிறது என்று அறிய வேண்டும். ஓ.என்.டி. பெட்டியில் 'லாஸ்' என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கம்பி எங்கேனும் மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். இணைப்பு தருவோரிடமே முறையிட வேண்டும். விளக்குகள் அனைத்தும் அணைந்து தாமாகவே மீண்டும் எரிந்தால், முதலில் அடாப்டரையும் பிளக்கையும் ஐயுறலாம். விளக்குகள் சீராக எரிந்தும் தடை நேர்ந்தால், கணினியை லேன் கேபிள் வழியே ரவுட்டரில் இணைத்துப் பார்க்கலாம். அப்போது தடையில்லையெனில், குறை வைஃபையில் இருக்கிறது.

வைஃபையின் குறை பெரும்பாலும் ரவுட்டர் வைக்கப்பட்ட இடத்தினால் வருவது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆயினும் சுவர்களைக் கடக்கையில் விரைவில் தளர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்தது. எட்டும் தொலைவு அதிகம். பீரோவுக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுப்பகுதியில் சற்று உயரத்தில், காற்றோட்டமாக வைப்பதே முறை. இரவும் பகலும் ஓயாது இயங்கும் கருவி அது. அதனுள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு.

பிள்ளை ஓதும் அறைக்குக் கேபிள் இழுத்துவிடுவது இன்னும் நன்று. கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை வினாடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும். வளைத்தால் எளிதில் முறியும். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள்.

மின்வெட்டு நேரும் ஊர்களில் ரவுட்டருக்கென விற்கும் சிறிய யு.பி.எஸ். உதவும். ஓ.என்.டி.யும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகளாயின் இரண்டுக்கும் மின்சாரம் கிடைக்க வேண்டும். ஒன்று அணைந்தாலும் இணையம் இல்லை. இடி மின்னலின்போது அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது; மின்கம்பியும் லேன் கேபிளும் கடத்தும்.

கருவி உடையாதிருந்தால் மட்டும் நம்பகமானதாகிவிடாது. 2016இல் பரவிய 'மிராய்' என்னும் தீநிரல், ஆலை வைத்துத் தந்த கடவுச்சொல் மாற்றப்படாத ரவுட்டர்களையும் கேமராக்களையும் கைப்பற்றியது. ஆகவே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வரும் கருவியையே வாங்குங்கள்.

ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். இணைப்பு எண், புகார் தொலைபேசி எண், எந்த விளக்கு எதைக் குறிக்கிறது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அருகே ஒட்டிவிடுங்கள். உம்மாவே பார்த்துச் சொல்லிவிடுவார். பிள்ளையின் பாடமும் தவறாது, இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.